சைகை மொழி வீடியோவை எழுத்தாக்கும் மாடல் சொதப்பும்போது: அறிகுறி பார்த்துப் பிழை தேட

ஒருவர் இந்திய சைகை மொழியில் ஒரு வாக்கியம் சொல்கிறார். அது தமிழில் எழுத்தாக வரவேண்டும். இங்கே எடுத்துக்கொள்ளும் அமைப்பு இது: மீடியாபைப் ஹோலிஸ்டிக் என்ற கூகுள் கருவி மூலம் உடல், கை, முகப் புள்ளிகளைப் பிடிப்பது, தேவையான புள்ளிகளை மட்டும் பொறுக்கி ஒரு நேரியல் அடுக்கு (எண்களை மாடலுக்கு ஏற்ற வடிவுக்கு மாற்றும் பகுதி) வழியாக எம்டி5 போன்ற பன்மொழி மாடலுக்குள் விடுவது, அது தமிழில் எழுதுவது. 2023-இல் வெளியான யூடியூப்-ஏஎஸ்எல் ஆய்வு அமெரிக்க சைகை மொழிக்கு ஏறத்தாழ இதைத்தான் செய்தது: 85 புள்ளிகள், ஒரு நேரியல் அடுக்கு, ஒரு டி5 மாடல்.

மாடலில் கை வைக்கும் முன் ஒரு வேலை. உங்கள் தரவிலிருந்து 20 வீடியோக்களை எடுத்து, பிடித்த புள்ளிகளை அதே வீடியோ மேல் வரைந்து, பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். புள்ளிகளைக் கோப்பில் சேமித்த பிறகு, அந்தக் கோப்பிலிருந்து திரும்பப் படித்து வரையவேண்டும். பிடித்த கையோடு வரைந்தால் சேமிப்பில் நடக்கும் குளறுபடி தெரியாமல் போகும். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு இந்த அரைமணி நேர வேலையிலேயே விடை கிடைத்துவிடும்.

எந்த வீடியோ கொடுத்தாலும் ஒரே மாதிரி வாக்கியம்

எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. இழப்பு மதிப்பு (மாடலின் பிழையை அளக்கும் எண்) ஒழுங்காக இறங்கியிருக்கும், தமிழும் பிழையில்லாமல் வரும். ஆனால் வீடியோவுக்கும் வாக்கியத்துக்கும் சம்பந்தமே இருக்காது. எழுதும் பகுதி வீடியோவைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பயிற்சி வாக்கியங்களில் அடிக்கடி வந்ததைச் சொல்லப் பழகிவிட்டது என்று பொருள்.

உறுதி செய்ய மூன்று சோதனைகள் போதும். சோதனைத் தொகுப்பில் புள்ளிகள் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கி ஒருமுறை ஓட்டுங்கள். அடுத்து, வீடியோக்களையும் வாக்கியங்களையும் மாற்றி மாற்றி இணைத்து ஓட்டுங்கள். கடைசியாக, சரியான இணைகளோடு ஓட்டுங்கள். மூன்றிலும் மதிப்பெண் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், உங்கள் கையில் இருப்பது மொழிபெயர்ப்பு மாடல் அல்ல, வாக்கியம் ஒப்பிக்கும் மாடல்.

ஜெர்மன் சைகை மொழி வானிலை அறிக்கைத் தொகுப்பான ஃபீனிக்ஸ்-2014டி-யில் மதிப்பெண் ஏமாற்றும். அதில் பயிற்சிக்கு 7,096 வாக்கியங்கள். சைகை செய்பவர்கள் மொத்தம் 9 பேர். ‘இனி நாளைய வானிலை முன்னறிவிப்பு’ என்று பொருள்படும் வாக்கியம் அதில் திரும்பத் திரும்ப வரும். அதையும் நாளின் பெயரையும் சரியாகச் சொல்லிவிட்டாலே ப்ளூ மதிப்பெண் (வெளியீட்டின் சொற்றொடர்கள் சரியான மொழிபெயர்ப்போடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) கொஞ்சம் ஏறிவிடும். வானிலை மொழி அவ்வளவு குறுகலானது.

காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள். முதலில், 10 இணைகளை மட்டும் கொடுத்து, டிராப்அவுட்டை (பயிற்சியின்போது மாடலின் சில பகுதிகளைத் தற்செயலாக முடக்கும் வழக்கம்) அணைத்து, மாடல் அவற்றை அப்படியே மனப்பாடம் செய்கிறதா பாருங்கள். சில நூறு சுற்றுகளில் பத்தும் சொல்லுக்குச் சொல் வரவேண்டும். இங்கேயும் வாக்கியங்கள் ஒன்றோடொன்று குழம்பினால் குறை தரவில் இல்லை, குழாயில் (வீடியோவிலிருந்து மாடல்வரை தரவைக் கொண்டுபோகும் நிரலில்): மறைப்பு வரிசை தலைகீழாக இருக்கலாம் (உண்மையான ஃப்ரேம்களை மறைத்துவிட்டு நிரப்பு ஃப்ரேம்களைக் காட்டுவது), அல்லது நேரியல் அடுக்கின் வெளியீடு எம்டி5 எதிர்பார்க்கும் அளவைவிட மிகச் சிறியதாக இருக்கலாம். அடுக்குக்குப் பின் லேயர் நார்ம் (எண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் அடுக்கு) ஒன்றைப் போட்டு, அதன் விலகலை மாடலின் சொல் திசையன்களின் விலகலோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள்.

பத்து இணைகள் ஒழுங்காக வந்து முழுத் தரவில் மட்டும் ஒப்பித்தால், கோளாறு பெரும்பாலும் வீடியோவும் வாக்கியமும் நேரத்தில் பொருந்தாததில் இருக்கும். செய்தி ஒளிபரப்பிலிருந்து எடுத்த தரவில் வசன எழுத்து பேச்சோடு ஒட்டியிருக்கும். மொழிபெயர்ப்பாளர் பேச்சைக் கேட்டு, புரிந்து, பிறகுதான் கையை எடுப்பார். அதனால் சைகை சில விநாடிகள் பின்னால் வரும். சைகை மொழி தெரிந்த ஒருவரை வைத்து 50 வாக்கியங்களின் தொடக்கத்தையும் முடிவையும் கையால் குறித்து, இடைவெளிகளின் நடுமதிப்பைக் கண்டு, எல்லாவற்றையும் அவ்வளவு தள்ளுங்கள். ஆளுக்கு ஆள் இந்தத் தாமதம் மாறும். ஒவ்வொருவருக்கும் தனியாக அளப்பதே நல்லது.

இதுவும் சரி என்றால், மிச்சம் தரவின் அளவு. சில ஆயிரம் வாக்கியங்களை வைத்துக்கொண்டு பூஜ்யத்திலிருந்து பழக்குவது வீண்வேலை. வேறு சைகை மொழியின் பெரிய தொகுப்பில் முதலில் பழக்கிவிட்டு உங்கள் தரவுக்கு வாருங்கள்.

வெளியீட்டில் வாக்கியமே வராமல் ‘எக்ஸ்ட்ரா ஐடி’ என்ற குறி மட்டும் வருகிறதா? பயப்பட ஒன்றுமில்லை. எம்டி5 விடுபட்ட பகுதியை நிரப்பும் பயிற்சி மட்டுமே பெற்று வெளிவந்த மாடல். உங்கள் பயிற்சி இன்னும் அதைத் தொடவில்லை. ஆடாஃபாக்டர் என்ற பயிற்சி முறையுடன் 0.001 என்ற நிலையான கற்றல் வீதம் வைத்து இன்னும் ஓடவிடுங்கள்.

கைப் புள்ளிகள் மறைந்து மறைந்து வருகின்றன, அல்லது துள்ளுகின்றன

முதலில் கேமரா. விநாடிக்கு 25 ஃப்ரேம் வேகத்தில் ஷட்டர் 1/50 என்றால் வேகமாக வீசும் கை, விரலே தெரியாத புகையாகப் பதிவாகும். ஷட்டரைக் கூட்டவேண்டும். ஆனால் நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும். 1/100 வைத்தால் மினுக்கல் பதியாது. 1/250-க்குப் போகவேண்டுமென்றால் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், இல்லையேல் மினுக்காத எல்இடி விளக்கு வாங்குங்கள். மலிவான டியூப்லைட் அடியில் 1/250 வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக இருள் ஓடும். புள்ளிகள் முன்பைவிட மோசமாகும்.

தொலைக்காட்சிப் பதிவாக இருந்தால் கையின் ஓரத்தில் சீப்புப் பற்கள் மாதிரி கோடு தெரிகிறதா பாருங்கள். அது இன்டர்லேஸ் வீடியோ. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ கருவியின் டீ-இன்டர்லேஸ் வடிகட்டியில் போட்டுவிட்டுத்தான் புள்ளி பிடிக்கவேண்டும். நிமிர்த்திப் பிடித்த ஃபோனில் எடுத்த வீடியோ படுத்துக் கிடந்தால், சுழற்சிக் குறிப்பை உங்கள் நிரல் படிக்கவில்லை.

வீடியோ நன்றாக இருந்தும் புள்ளிகள் மட்டும் மோசமென்றால் இரண்டு நிரல் தவறுகள் சகஜம். வீடியோ படிக்கும் ஓப்பன்சிவி நூலகம் நிறங்களை நீலம்-பச்சை-சிவப்பு வரிசையில் தரும். மீடியாபைப் சிவப்பிலிருந்து தொடங்கும் வரிசையைக் கேட்கும். மாற்றாமல் விட்டாலும் புள்ளி ஓரளவு வந்துவிடும் என்பதுதான் தொல்லை. தரம் குறைந்ததற்குக் காரணம் மாதக்கணக்கில் தெரியாது. இன்னொன்று, எல்லா வீடியோக்களுக்கும் ஒரே மீடியாபைப் பொருளைப் பயன்படுத்துவது. அது முந்தைய ஃப்ரேமில் கை இருந்த இடத்தை நினைவில் வைத்துத் தேடும். வீடியோ மாறும்போது பழைய நினைவு புதிய வீடியோவின் முதல் சில ஃப்ரேம்களைக் கெடுக்கும். வீடியோவுக்கு ஒரு புதுப் பொருள் உருவாக்குங்கள்.

இந்திய சைகை மொழிக்கே உரிய சிக்கலும் உண்டு. அதன் விரல் எழுத்துகளில் பெரும்பாலானவை இரு கைகளால் செய்யப்படுபவை. ஒரு கை இன்னொன்றை மறைக்கும். எந்தக் கருவியும் அங்கே தடுமாறும். 5 ஃப்ரேம் வரையான இடைவெளியை முன்பின் மதிப்புகளிலிருந்து இட்டு நிரப்பலாம். அதற்கு மேல் நிரப்பினால் நடக்காத அசைவைக் கற்பனை செய்கிறீர்கள். ‘கை தெரியவில்லை’ என்ற குறியை ஒரு தனி எண்ணாகவே மாடலுக்குக் கொடுங்கள். தெரியாத கையைப் பூஜ்யம், பூஜ்யம் என்று எழுதிவிட்டுப் பிறகு தோள் மையத்தைக் கழித்தால், அந்தப் பூஜ்யம் உடலுக்கு வெளியே எங்கோ பறக்கும் ஒரு கையாக மாறிவிடும். துள்ளல் என்று பலர் சொல்வது இதைத்தான். மையத்தை முதலில் கழியுங்கள், பூஜ்யத்தைப் பிறகு வையுங்கள்.

இழப்பு மதிப்பு ‘நேன்’ ஆகிறது

‘நேன்’ என்றால் எண்ணே அல்லாத மதிப்பு. தேட மூன்றே இடங்கள். கிடைக்காத கையின் மதிப்பு ‘நேன்’ ஆகவே உள்ளே போயிருக்கும். அல்லது எம்டி5-ஐ 16 பிட் துல்லியத்தில் ஓட்டுகிறீர்கள். அந்த மாடல் பிஎஃப்16 வடிவில் பழகியது, சாதாரண எஃப்பி16-இல் எண்கள் வழிந்துவிடும். கூகுள் கொலாபில் கிடைக்கும் டி4 கிராபிக்ஸ் அட்டையில் பிஎஃப்16 வன்பொருளில் இல்லை. அங்கே 32 பிட்டில் ஓட்டி, தொகுதி அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது சிடிசி இழப்பு (ஃப்ரேம் வரிசையைக் குறி வரிசையோடு பொருத்திப் பழக்கும் இன்னொரு முறை). அதைப் பற்றிக் கீழே.

பழகிய ஆட்களிடம் அபாரம், புது ஆளிடம் பூஜ்யம்

தரவை எப்படிப் பிரித்தீர்கள் என்று பாருங்கள். ஒரே ஆளின் வீடியோக்கள் பயிற்சியிலும் சோதனையிலும் இருந்தால், மாடல் ஆளை அடையாளம் கண்டே பாதி விடையை ஊகித்துவிடும். ஆள்வாரியாகப் பிரியுங்கள். ஒரு நாளில் ஒரே சட்டையோடு ஒரே தலைப்பைப் பதிவு செய்திருந்தால் பதிவு நாள்வாரியாகவும் பிரியுங்கள். மதிப்பெண் சரியும். சரிந்ததுதான் உண்மை மதிப்பெண்.

புள்ளிகள் மட்டும் கொடுத்தால் ஆளை எப்படி அடையாளம் காணும் என்று கேட்கலாம். ஹோலிஸ்டிக் தரும் 543 புள்ளிகளில் 468 முகத்துக்கே போய்விடும். இரு கைகளுக்கும் சேர்த்து 42, உடலுக்கு 33. எல்லாவற்றையும் அப்படியே கொடுத்தால் மாடலுக்குக் கிடைக்கும் எண்களில் நூற்றுக்கு 86 முகத்தின் வடிவம். கைகளை முழுதாக வையுங்கள். முகத்தில் புருவம், கண், உதடு என்று 40-க்குள் நிறுத்துங்கள். உடலில் தோள், முழங்கை, மணிக்கட்டு, மூக்கு போதும். இடுப்புக்குக் கீழே உள்ள புள்ளிகள் சட்டகத்திலேயே இருக்காது, மீடியாபைப் ஊகித்துப் போடும்; தூக்கிவிடுங்கள்.

அடுத்து அளவு. மீடியாபைப் கிடைமட்ட மதிப்பைப் படத்தின் அகலத்தாலும், செங்குத்து மதிப்பை உயரத்தாலும் வகுத்துத் தருகிறது. 16:9 படத்தில் எடுத்த கையும் ஃபோனை நிமிர்த்தி எடுத்த கையும் இதனால் வெவ்வேறு வடிவமாகிவிடும்: ஒன்று ஒல்லி, ஒன்று பருமன். அகலத்தாலும் உயரத்தாலும் திரும்பப் பெருக்கி, இரு தோள்களின் நடுப்புள்ளியைக் கழித்து, தோள் அகலத்தால் வகுங்கள். வரிசை மாறக்கூடாது. தோள் அகலத்துக்கு அந்த வீடியோ முழுவதின் நடுமதிப்பை எடுங்கள். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வகுத்தால், ஆள் லேசாகத் திரும்பும்போதெல்லாம் கைகள் வீங்கும். ஆழ அச்சில் இன்னொரு வம்பு: கைப் புள்ளிகளின் ஆழம் அந்தக் கையின் மணிக்கட்டிலிருந்தும், உடலின் ஆழம் இடுப்பு மையத்திலிருந்தும் அளக்கப்படுகிறது. இரண்டையும் ஒரே அளவுகோல் என்று நினைத்துக் கலக்காதீர்கள். ஆழத்தை விட்டுவிட்டு ஒருமுறை பழக்கிப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

இடக்கைக்காரர்களுக்காகப் படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப் பழக்குவது நல்ல வழக்கம். ஆனால் எண்களின் குறியை மட்டும் மாற்றினால் போதாது. இடது கையின் 21 புள்ளிகளும் வலது கையின் 21 புள்ளிகளும் இடம் மாறவேண்டும், தோளும் முழங்கையும் அப்படியே. ‘இடது’, ‘வலது’, ‘கிழக்கு’, ‘மேற்கு’ வரும் வாக்கியங்களைத் திருப்பாதீர்கள். வானிலைத் தரவில் கண்ணை மூடிக்கொண்டு திருப்பினால் மழை மறுகரையில் பெய்யும்.

தனித்தனிச் சைகை சரியாக வருகிறது, வாக்கியத்தில் குழறுகிறது

தனிச் சைகைகளில் பழகிய மாடலைச் சறுக்கு சாளரம் போல (சிறு துண்டு துண்டாக நகர்த்தி) வாக்கியத்தின் மேல் ஓட்டும் முறை எளிதாகத் தெரியும், வேலை செய்யாது. தனிச் சைகைப் பதிவில் கை மடியிலிருந்து எழுந்து, சைகை செய்து, மடிக்குத் திரும்பும். வாக்கியத்தில் கை மடிக்கே போகாது. ஒரு சைகை முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கி, இரண்டின் வடிவமும் ஒன்றையொன்று இழுக்கும். தனிப்பதிவில் ஒரு விநாடிக்கு மேல் எடுத்த சைகை, பேச்சோட்டத்தில் கால் விநாடியில் முடியலாம்.

தரவின் தன்மையும் உண்டு. டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021 பிப்ரவரியில் வெளியிட்ட மூன்றாம் பதிப்பு அகராதியில் 10,000 சொற்கள் உள்ளன. பார்த்துப் படிக்க அருமையான சுரங்கம். மாடல் பழக்க, சொல்லுக்கு ஒரு பதிவு எதற்கும் ஆகாது. ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட இன்க்ளூட் தொகுப்பில் 263 சொற்களுக்கு 4,287 வீடியோக்கள். சொல்லுக்குச் சராசரி 16. தனிச் சொல்லை அடையாளம் காண அது போதும், வாக்கியத்துக்கு அல்ல. இவற்றை முன்பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் கை எழுந்து இறங்கும் பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள். வெட்ட எளிய வழி: மணிக்கட்டு முழங்கையைவிடத் தாழ்ந்திருக்கும் ஃப்ரேம்களை இரு முனைகளிலும் நீக்குவது.

சைகைப் பெயர் வரிசையைச் சிடிசி கொண்டு பழக்கினால், வெளியீடு முழுக்க வெற்றுக்குறியாகவே வரும் ஒரு கட்டம் தொடக்கத்தில் உண்டு. அது தானாக விலகும். விலகாவிட்டால் நீளத்தைப் பாருங்கள். சுருக்கிய பின் மிஞ்சும் ஃப்ரேம் எண்ணிக்கை, குறிகளின் எண்ணிக்கையோடு அடுத்தடுத்து இரட்டித்த குறிகளையும் கூட்டியதைவிடக் குறையக்கூடாது. விரல் எழுத்தில் ‘சென்னை’க்கு ஆங்கில எழுத்து 7, நடுவில் ‘என்’ இரட்டிப்பதால் 8 ஃப்ரேம் வேண்டும். ஒரு விநாடியில் ஒருவர் அதை எழுதி முடித்தால் 25 ஃப்ரேம்; நான்கில் ஒன்றாகச் சுருக்கினால் 6. இழப்பு முடிவிலிக்குப் போகும். முடிவிலியைப் பூஜ்யமாக்கும் பைடார்ச் விருப்பத்தைப் போட்டு மறைப்பதைவிட, சுருக்கத்தை இரண்டில் ஒன்றாகக் குறையுங்கள்.

கேள்வி சாதாரண வாக்கியமாகிறது, ‘இல்லை’ காணாமல் போகிறது

கேள்வியும் மறுப்பும் இந்த மொழியில் பெருமளவு முகத்தில் இருக்கின்றன. ஆம்-இல்லை கேள்விக்குப் புருவம் உயரும். மறுப்புக்குத் தலை அசையும். கைகளை மட்டும் கொடுத்துப் பழக்கிய மாடலிடம் ‘வருவாயா?’வும் ‘வருவாய்’உம் ஒன்றே. புருவப் புள்ளிகளைச் சேர்த்தும் பலன் இல்லையென்றால், அவை தோள் அகலத்தால் வகுபட்டு மிகச் சிறிய எண்களாக நசுங்கியிருக்கும். முகப் புள்ளிகளுக்கு மூக்கை மையமாகவும் கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அளவாகவும் தனியே வையுங்கள். ஆனால் மூக்கை மையமாக்கியதும் தலையசைப்பு அழிந்துவிடும். மூக்கின் இடத்தைத் தோள் மையத்திலிருந்து அளந்து ஒரு தனிப் புள்ளியாகக் கொடுக்க மறக்காதீர்கள். இதை மறந்துவிட்டு மறுப்பைத் தேடி அலைவது அடிக்கடி நடக்கிறது.

சோதனைக்கு, ஒரே ஆள் ஒரே கைச் சைகையை மூன்று முகத்தோடு செய்த 30 பதிவுகள் தனியாக எடுத்து வையுங்கள். பொது மதிப்பெண் இந்தத் தவறைக் காட்டவே காட்டாது. ஒரு விகுதி மாறியதற்கு ப்ளூ அலட்டிக்கொள்ளாது, படிப்பவருக்கோ பொருளே தலைகீழ்.

தமிழ் வெளியீட்டில் மட்டும் கோளாறு

கேள்விக்குறிக் கட்டங்கள் வந்தால் ஆங்கிலத்துக்கான பழைய டி5 சொல்வெட்டியை (உரையைத் துண்டுகளாக வெட்டும் பகுதி) எடுத்துவிட்டீர்கள். அதற்குத் தமிழ் எழுத்தே தெரியாது. எம்டி5, எம்பார்ட்-50 இரண்டும் தமிழ் அறிந்தவை. பார்க்க ஒன்றாக இருக்கும் சொற்கள் வெவ்வேறாக எண்ணப்பட்டால், ‘கொ’ என்பதன் கொம்பும் காலும் சில கோப்புகளில் இரு குறிகளாக, சிலவற்றில் ஒரே குறியாக இருக்கும். பயிற்சி உரை, சோதனை உரை இரண்டையும் இவற்றை ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோட் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

‘வந்தான்’, ‘வந்தாள்’, ‘வந்தார்’ மாறி மாறி வருவது மாடலின் குற்றமில்லை. சுட்டிக் காட்டும் சைகையில் ஆணா பெண்ணா என்பது இல்லை. தமிழ் வினையோ அதைச் சொல்லாமல் விடாது. மொழிபெயர்த்து எழுதியவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தால் மாடல் நாணயம் சுண்டும். பாலினம் சைகையில் சொல்லப்படாத இடமெல்லாம் ‘அவர்’, ‘வந்தார்’ என்று பயிற்சி உரையையே திருத்துங்கள்.

மதிப்பிட ப்ளூவோடு சிஎச்ஆர்எஃப் மதிப்பையும் எடுங்கள். தமிழில் ஒரு வேற்றுமை உருபு பிசகினால் ப்ளூ முழுச் சொல்லையும் தவறென்று தள்ளும். சிஎச்ஆர்எஃப் எழுத்துத் துண்டுகளை எண்ணுவதால் நியாயமாக நடக்கும். அளவுகோலுக்கு ஒன்று: யூடியூப்-ஏஎஸ்எல் ஆய்வு ஏறத்தாழ 984 மணி நேர வீடியோவில் முன்பயிற்சி தந்த பின், ஹவ்டுசைன் என்ற அமெரிக்க சைகை மொழித் தொகுப்பில் எட்டிய ப்ளூ 12.39. உங்கள் சில ஆயிரம் வாக்கியங்களில் 40 வந்தால் மகிழ வேண்டாம்; ஒரே வாக்கியம் பயிற்சியிலும் சோதனையிலும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

கோப்பில் ஓடுகிறது, நேரலையில் உளறுகிறது

மாடல் 25 ஃப்ரேமில் பழகியது. மடிக்கணினியில் மீடியாபைப் ஓடும்போது கைக்கு 11 ஃப்ரேம்தான் கிடைக்கிறது. மாடல் கண்ணுக்கு ஆள் இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் கையை வீசுகிறார். வெளிச்சம் குறைந்த அறையில் வெப்கேம் தானாகவே 30-இலிருந்து 15-க்கு இறங்கும். மென்பொருள் 30 என்றே பொய் சொல்லும். ஃப்ரேம் எண்ணை நம்பாதீர்கள். ஒவ்வொரு ஃப்ரேமோடும் அது வந்த நேரத்தைச் சேமித்து, புள்ளிகளை 25-க்கு இடைக்கணித்து நிரப்பிய பிறகு மாடலுக்குக் கொடுங்கள். கேமராவைப் படிப்பதைத் தனி இழையில் ஓடவிட்டு, எப்போதும் கடைசி ஃப்ரேமை மட்டும் எடுங்கள். இல்லாவிட்டால் இடையகத்தில் பழைய ஃப்ரேம்கள் சேர்ந்து, திரை நிகழ்காலத்திலும் எழுத்து இறந்தகாலத்திலும் இருக்கும்.

ஃபோனின் முன் கேமரா திரையில் கண்ணாடி பிம்பம் காட்டும். சேமித்த கோப்பில் சிலவற்றில் நேர், சிலவற்றில் பிம்பம். கைக் கருவியைத் தனியாக (ஹோலிஸ்டிக் இல்லாமல்) பயன்படுத்தினால், அது வரும் படம் கண்ணாடி பிம்பம் என்று எடுத்துக்கொண்டே இடம் வலம் சொல்லும். நேர்ப் படம் கொடுத்தால் கைகள் மாறிவிடும். சட்டையில் எழுத்துள்ள ஒருவரை நிற்கவைத்து, மாடலுக்குள் போகும் படத்தைச் சேமித்துப் பாருங்கள். எழுத்து நேராகப் படிக்க வந்தால் படம் நேர்.

வாக்கியம் முடிந்ததை அறிய, இரு மணிக்கட்டும் முழங்கைக்குக் கீழே 0.6 விநாடி நின்றால் முடிவு என்று வைத்துத் தொடங்கலாம். யோசித்துக்கொண்டே சைகை செய்பவர்கள் கையை மார்பருகே நிறுத்திவைப்பார்கள், அதை முடிவாக எண்ணக்கூடாது. 0.6 குறைவா அதிகமா என்பதை, தினமும் இந்த மொழியில் பேசும் காது கேளாதோர் நான்கைந்து பேர் பயன்படுத்திப் பார்த்துச் சொல்லட்டும். அலுவலகத்தில் அகராதி பார்த்துக் கைகாட்டும் பொறியாளரின் வேகத்துக்கு அமைத்த எண் அவர்கள் கையில் நிற்காது.